புத்தாண்டு வாசிப்பு இலக்கு: டிசம்பர்த் திட்டம் முதல் ஆண்டிறுதிக் கணக்கு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி முதல் நாளில், புதிய நோட்டின் முதல் பக்கத்தில் ‘இந்த ஆண்டு 50 புத்தகங்கள்’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன். செப்டம்பர் இறுதியில் 31 புத்தகங்கள் முடிந்திருந்தன. மீதமிருந்த மூன்று மாதங்களில் 19 நூல்களை முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில், பாதிவரை படித்து வைத்திருந்த தொள்ளாயிரம் பக்க நாவல் ஒன்றை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு, நூறு பக்கத்துக்குக் குறைவான நூல்களாகத் தேடித் தேடி எடுக்கத் தொடங்கினேன். டிசம்பர் 30 இரவு ஐம்பதாவது நூலை முடித்தேன். ஒரு வாரம் கழித்து அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது, கடைசி 19 நூல்களில் பெரும்பாலானவற்றைப் பற்றி இரண்டு வாக்கியம்கூடத் தொடர்ச்சியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. நான் உண்மையிலேயே படிக்க ஆசைப்பட்ட நாவலோ 412ஆம் பக்கத்தில் செருகிய பக்கக்குறியோடு அப்படியே நின்றிருந்தது.

சோம்பலோ கவனக்குறைவோ இதற்குக் காரணமில்லை. இலக்கை அடைவதற்காக நான் கடுமையாகவே உழைத்திருந்தேன். இலக்காக எதை வைத்தேன் என்பதில்தான் பிழை இருந்தது. பிரிட்டனின் பணக்கொள்கையைப் பற்றிப் பேசும்போது பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் சுட்டிக்காட்டிய ஓர் உண்மை உண்டு: நிலவரத்தை அறிய உதவும் ஓர் அளவையே கட்டுப்பாட்டுக்கான இலக்காக மாற்றிவிட்டால், அது நிலவரத்தைச் சரியாகக் காட்டுவதை நிறுத்திவிடும். வாசிப்புக்கும் இது அப்படியே பொருந்துகிறது. முடித்த நூல்களின் எண்ணிக்கை, ஓர் ஆண்டு எப்படிப் போனது என்பதைப் பின்னோக்கிப் பார்க்க நல்ல அளவுதான். அதையே துரத்த ஆரம்பித்தால், எந்த நூலை எடுப்பது, எவ்வளவு நிதானமாகப் படிப்பது, எதைத் திரும்பப் படிப்பது என்ற எல்லாவற்றையும் அந்த எண்ணே முடிவு செய்துவிடுகிறது. அதன்பின் நான் பின்பற்றிவரும் முறையில் முதன்மையான இலக்கு நேரம். எண்ணிக்கை அதிலிருந்து கிடைக்கும் ஒரு மதிப்பீடு மட்டுமே. அந்த முறையைப் படிப்படியாக இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: கடந்த ஆண்டைக் கூட்டிப் பாருங்கள்

டிசம்பர் மாதத்தின் இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில், ஒரு மணி நேரம் ஒதுக்கி, முடியப்போகும் ஆண்டில் நீங்கள் படித்தவற்றை எழுதுங்கள். நினைவிலிருந்து மட்டும் எழுதினால் பாதி விட்டுப்போகும். ஆகவே நூலகக் கணக்கில் உள்ள இரவல் பட்டியல், இணையத்தில் வாங்கிய நூல்களின் விவரம், மின்னூல் கருவியின் நூலகம், நண்பர்களுக்கு அனுப்பிய செய்திகள், கைப்பேசியில் எடுத்து வைத்த பக்கங்களின் படங்கள் ஆகியவற்றையும் புரட்டிப் பாருங்கள். முடித்த நூல்களோடு நிறுத்திவிடாமல், பாதியில் விட்டவற்றையும் வாங்கி வந்து தொடாமலே வைத்திருப்பவற்றையும் எழுத வேண்டும். உங்கள் வாசிப்பைப் பற்றி அதிகம் சொல்லக்கூடியவை பெரும்பாலும் இந்த இரண்டு பட்டியல்கள்தான்.

ஒவ்வொரு நூலுக்கும் எதிரே மூன்று விவரங்களைக் குறித்தால் போதும்: ஏறக்குறைய எத்தனை பக்கம், எந்த மாதத்தில் படித்தது, அதை எதற்காகக் கையில் எடுத்தது. மூன்றாவது விவரத்தைத் தவிர்த்துவிடாதீர்கள். ஒருவர் பரிந்துரைத்தார் என்பதற்காக எடுத்தவை, எல்லோரும் பேசுகிறார்கள் என்பதற்காக எடுத்தவை, வேறொரு நூலின் அடிக்குறிப்பிலிருந்து தேடிப் போனவை என்று பிரித்துப் பார்த்தால், எந்த வழியில் வந்த நூல்கள் முடிக்கப்பட்டன, எவை கிடப்பில் போயின என்பது தெளிவாகும். என் பட்டியலில், வேறொரு நூலில் படித்து ஆர்வப்பட்டுத் தேடிய நூல்களில் ஏறத்தாழ எல்லாமே முடிக்கப்பட்டிருந்தன. பரபரப்புக்காக வாங்கியவற்றில் பாதிக்கும் மேல் முப்பது பக்கத்தைத் தாண்டவில்லை. அந்த ஒரு கண்டுபிடிப்பே அடுத்த ஆண்டின் தேர்வுகளை வெகுவாக மாற்றியது.

கடந்த ஆண்டில் எதையும் படிக்கவில்லை, எழுத ஒன்றுமில்லை என்றால் தயங்க வேண்டாம். நேரே அடுத்த படிக்குச் செல்லலாம்.

இரண்டாம் படி: வேகத்தையும் நேரத்தையும் அளந்து பாருங்கள்

‘நிமிடத்துக்கு இத்தனை சொற்கள்’ என்ற கணக்கை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மார்க் பிரிஸ்பர்ட் என்ற உளவியல் ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, அதற்கு முந்தைய 190 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஆங்கிலத்தை மௌனமாக வாசிக்கும் வயதுவந்தோரின் சராசரி வேகம் கட்டுரை வகை நூல்களுக்கு நிமிடத்துக்கு 238 சொற்கள் என்றும், புனைவுக்கு 260 சொற்கள் என்றும் கூறியது. இந்த எண்களைத் தமிழ் வாசிப்புக்கு எடுத்துக்கொள்ள முடியாது. ‘படிக்கவேண்டியிருந்ததால்’ என்று நாம் ஒரே மூச்சில் எழுதும் சொல்லை ஆங்கிலத்தில் சொல்ல நான்கைந்து சொற்கள் தேவைப்படும். ஆகவே தமிழில் சொற்கணக்கு பார்ப்பதைவிடப் பக்கக்கணக்கே நம்பகமானது. அதையும் வேறு யாருடைய சராசரியிலிருந்தும் எடுக்காமல் நீங்களே அளந்துகொள்வது நல்லது.

அளப்பது எளிது. ஒரு நாவல், ஒரு கட்டுரை அல்லது வரலாற்று நூல், உங்களுக்குச் சற்றுக் கடினமான ஒரு நூல் என மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக நீங்கள் படிக்கக்கூடிய நேரத்தில், வழக்கமான களைப்போடு, ஒவ்வொன்றையும் 20 நிமிடம் படித்து எத்தனை பக்கம் நகர்ந்தது என்று குறியுங்கள். விடுமுறை நாளின் காலையில் புத்துணர்ச்சியோடு அளந்தால் அந்த எண் ஆண்டு முழுவதும் உங்களை ஏமாற்றிக்கொண்டே இருக்கும். ஒரு வாசகருக்கு நாவலில் 14 பக்கம், கட்டுரை நூலில் 9, கடினமான நூலில் 6 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மணிக்கு முறையே 42, 27, 18 பக்கங்கள் ஆகின்றன.

அடுத்தது நேரம். ஒரு சாதாரண வாரத்தை நினைத்துக்கொண்டு, அதில் எந்தெந்த இடைவெளிகள் உண்மையில் உங்களுடையவை என்று பாருங்கள். இதே வாசகருக்கு ஐந்து இரவுகளில் 25 நிமிடங்களும், சனிக்கிழமை ஒரு மணி நேரமும் கிடைக்கின்றன, ஞாயிறு கிடைப்பதில்லை. வாரத்துக்கு 185 நிமிடம். இதை 52ஆல் பெருக்கிவிடக் கூடாது. உடல்நலக் குறைவு, பயணம், வேலை நெருக்கடி, குடும்ப நிகழ்வுகள் ஆகியவற்றுக்காக எட்டு வாரங்களை முன்கூட்டியே கழித்துவிட்டு 44 வாரங்களுக்குக் கணக்கிட்டால் 8,140 நிமிடம், அதாவது ஏறக்குறைய 135 மணி நேரம் கிடைக்கிறது. அதில் 90 மணி நேரம் நாவலுக்கும் 45 மணி நேரம் கட்டுரை நூல்களுக்கும் என்றால், 3,780 பக்கமும் 1,215 பக்கமும் சேர்ந்து சுமார் 5,000 பக்கம். ஒரு நூல் சராசரியாக 250 பக்கம் என்றால் இருபது நூல்கள்.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் பலருக்கு மனம் சற்றுச் சுருங்கும். ஐம்பது என்று நினைத்திருப்பார்கள், இருபதுதான் வருகிறது. ஆனால் இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. தொள்ளாயிரம் பக்க நாவல் ஒன்றுக்கு மணிக்கு 42 பக்கம் வீதம் சுமார் 21 மணி நேரம், அதாவது இந்த வாசகரின் வழக்கமான வாரங்களில் ஏழு வாரங்கள் தேவை. ‘எப்போதாவது படிக்க வேண்டும்’ என்று பத்தாண்டுகளாகத் தள்ளிப்போட்டுவந்த ஒரு பெரிய நூல், ஏழே வாரத்துக்கான வேலை என்று தெரியவரும்போது அதன் மீதான அச்சம் பெருமளவு விலகிவிடுகிறது. என் 412ஆம் பக்க நாவலை மறு ஆண்டு நான் முடித்தது இப்படிக் கணக்கிட்ட பிறகுதான்.

மூன்றாம் படி: இலக்கை வகுத்துக்கொள்ளுங்கள்

ஓர் ஆண்டுக்கு மூன்று இலக்குகள் போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் வைத்தால் அவற்றைக் கவனிப்பதே ஒரு வேலையாகிவிடும்.

முதலாவது, நேர இலக்கு. ‘வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 25 நிமிடம்’ என்பதைப் போல, கடினமான நூலைப் படித்தாலும் எளிய நூலைப் படித்தாலும் ஒரே அளவில் நிறைவேறக்கூடியதாக அது இருக்க வேண்டும். ஆறு பக்கக் கட்டுரை ஒன்றை இரண்டு முறை படித்த இரவும், நாவலில் பதினெட்டுப் பக்கம் ஓடிய இரவும் இந்த இலக்கின் முன் சமம். நிதானமாகப் படிப்பதற்கு இதில் தண்டனை கிடையாது என்பதே இதன் பெரும் பலன்.

இரண்டாவது, திசை இலக்கு. இந்த ஆண்டு உங்கள் வாசிப்பு எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை இது சொல்கிறது. ஓர் எழுத்தாளரின் நூல்களை அவை எழுதப்பட்ட வரிசையிலேயே படித்துச் செல்வது, ஒரு துறையில் அறிமுக நூலில் தொடங்கி நான்கைந்து நூல்களில் ஓரளவு ஆழம் காண்பது, மொழிபெயர்ப்பில் கிடைக்கும் பிறமொழி நாவல்களைப் படிப்பது, முன்பு பிடித்திருந்த நூல்களை இப்போது மறுபடி படித்துப் பார்ப்பது, வீட்டில் படிக்காமல் அடுக்கியிருப்பவற்றைக் குறைப்பது என்று பல திசைகள் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ‘பரவலாகப் படிக்க வேண்டும்’ என்பது விருப்பம்; ‘கடலைப் பற்றி நான்கு நூல்கள்’ என்பது இலக்கு. இரண்டாவதாகச் சொன்னதை ஆண்டிறுதியில் சரிபார்க்க முடியும், முதலாவதை முடியாது.

மூன்றாவது, ஒரே ஒரு பெரிய நூல். அளவாலோ கடினத்தாலோ நீங்கள் தயங்கி நிற்கும் ஒரு நூலைப் பெயர் குறிப்பிட்டு எழுதி, அதற்கான வாரங்களையும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். ஜனவரியில் அதைத் தொடங்க வேண்டாம். வழக்கம் ஊன்றிய பின், மார்ச் அல்லது ஏப்ரலில் அதற்கு இடம் கொடுப்பது நல்லது.

முடிக்கும் நூல்களின் எண்ணிக்கையை நோட்டில் எழுதக் கூடாது என்பதில்லை. ‘மதிப்பீடு: 17 முதல் 20 வரை’ என்று ஓர் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்கலாம்.

நான்காம் படி: நூல்களைத் தேர்ந்தெடுங்கள், பாதியை விட்டுவையுங்கள்

நூலகவியலின் தந்தை என்று நாம் அழைக்கும் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவதும் மூன்றாவதும் இங்கே நினைவுகொள்ளத் தக்கவை: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு. ஆண்டுப் பட்டியலைத் தயாரிப்பவர்கள் இதைக் கருத்தில் கொண்டால், ‘எல்லோரும் படித்தாக வேண்டிய நூறு நூல்கள்’ போன்ற பட்டியல்களை அப்படியே பெயர்த்தெழுதும் ஆசையிலிருந்து தப்பிவிடலாம்.

இருபது நூல்கள் படிக்க முடியும் என்று உங்கள் கணக்கு சொன்னால், எட்டு நூல்களுக்கு மட்டும் பெயர் எழுதுங்கள். மற்ற இடங்களைக் காலியாக விடுங்கள். ஏப்ரலில் படிக்கும் ஒரு நூல் உங்களை எங்கே அழைத்துப் போகும் என்பதை டிசம்பரில் அறிய வழியில்லை. அந்த அழைப்புக்குப் பின்னால் போக இடம் இல்லாத திட்டம், வாசிப்பைப் பாடத்திட்டமாக்கிவிடும். பெயர் எழுதிய எட்டிலும், அடர்த்தியான நூலுக்கு அடுத்து இலகுவான ஒன்று வருமாறு வரிசைப்படுத்துங்கள்.

ஒரே சமயத்தில் இரண்டு நூல்கள் படிப்பதில் தவறில்லை. அவை வெவ்வேறு வகையைச் சேர்ந்தவையாகவும், வெவ்வேறு நேரத்துக்கு உரியவையாகவும் இருந்தால் ஒன்றை மற்றொன்று குழப்பாது. மூன்றைத் தாண்டினால் எதுவும் முடியாது என்பது என் அனுபவம்.

பாதியில் நிறுத்துவதற்கும் முன்பே ஒரு விதியை வகுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் பரிந்துரைக்கும் விதி பரவலாக அறியப்பட்டது: ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு நூலுக்கு ஐம்பது பக்கம் வாய்ப்புக் கொடுக்கலாம், அதற்கு மேற்பட்டவர்கள் நூறிலிருந்து தம் வயதைக் கழித்து வரும் எண்ணிக்கையிலான பக்கங்களைப் படித்துவிட்டு முடிவெடுக்கலாம். அறுபது வயதுக்காரருக்கு நாற்பது பக்கம்தான் கடமை. வயது கூடக் கூடப் பொறுமையின் எல்லையைக் குறைத்துக்கொள்ள உரிமை தரும் இந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். நிறுத்திய நூலையும் பதிவு செய்யுங்கள்: எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு வரி. ‘இப்போது வேண்டாம்’ என்பதற்கும் ‘எனக்குரியதன்று’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு வரி காப்பாற்றித் தரும்.

ஐந்தாம் படி: நேரத்தை ஏற்கெனவே உள்ள ஒரு செயலோடு கட்டுங்கள்

‘தினமும் படிப்பேன்’ என்ற உறுதியைவிட, ‘இரவு பாத்திரங்களைக் கழுவி முடித்ததும், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து 25 நிமிடம் படிப்பேன்’ என்ற உறுதி நீடித்து நிற்கும். எப்போது, எங்கே, எதைச் செய்த உடனே என்று குறிப்பாகத் திட்டமிடுவதன் ஆற்றலை உளவியல் அறிஞர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

பழக்கம் ஊன்ற எத்தனை நாள் ஆகும் என்ற கேள்விக்கு, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் அச்சில் வந்த ஆய்வு ஒரு விடை தருகிறது. உணவுக்கு முன் ஓடுவது, தண்ணீர் குடிப்பது போன்ற சிறு செயல்களை மேற்கொண்ட அவர்களுக்கு, அச்செயல் யோசிக்காமலே நடக்கும் நிலையை நெருங்க நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாட்கள் முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. ஜனவரி முதல் நாள் தொடங்குபவருக்கு 66ஆம் நாள் மார்ச் முதல் வார இறுதியில் வருகிறது. ஆகவே பிப்ரவரி நடுவில் ‘இன்னும் முயன்றுதானே உட்கார வேண்டியிருக்கிறது, நமக்கு இது வராது’ என்று தோன்றினால், அது தோல்வியின் அறிகுறி இல்லை, வழியில் வரும் ஒரு கட்டம்தான். அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி மேலும் ஆறுதலானது: இடையில் ஒருநாள் தவறுவது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை.

இதோடு இரண்டு சிறு ஏற்பாடுகள் மிகவும் உதவும். படிக்கும் நூலை அலமாரியில் வைக்காமல், படிக்கும் இடத்திலேயே வையுங்கள். கைப்பேசியை அந்த 25 நிமிடமும் வேறு அறையில் விட்டுவிடுங்கள். நேரத்தை அளக்கக் கைக்கடிகாரமோ சாதாரண மேசைக் கடிகாரமோ போதும்.

ஆறாம் படி: பதிவேடு

எங்கே பதிவது என்பது அவரவர் விருப்பம். குட்ரீட்ஸ் தளத்தின் ஆண்டுச் சவால் நூல்களின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது. பிறர் படிப்பதைப் பார்க்கவும் புதிய நூல்களை அறியவும் அது வசதியானது. ஸ்டோரிகிராஃப் செயலியில் பக்கங்களையும் மணி நேரத்தையும் இலக்காக வைக்க முடிவதால், இந்த முறைக்கு அது கூடுதலாகப் பொருந்தும். தமிழ் நூல்களில் பலவற்றுக்கு இத்தகைய தளங்களில் பதிவே இருக்காது, இருந்தாலும் பக்க எண்ணிக்கை தவறாக இருக்கும் என்பதால், தமிழில் அதிகம் படிப்பவர்களுக்குக் கூகுள் ஷீட்ஸ் போன்ற அட்டவணையோ காகித நோட்டோதான் தடையின்றி நடக்கும். நான் நோட்டு வைத்திருக்கிறேன். கைப்பேசியை விலக்கி வைத்துவிட்டுப் படித்த பிறகு, பதிவதற்காக அதையே மறுபடி கையில் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நோட்டில் இரண்டு பகுதிகள் போதும். முதற்பகுதி நாள் கணக்கு: தேதி, நூல், எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை, எத்தனை நிமிடம், ஒரு வரிக் குறிப்பு. இரண்டாம் பகுதி நூல் கணக்கு: ஒவ்வொரு நூலுக்கும் அரைப் பக்கம். என் நாள் கணக்கிலிருந்து ஒரு வரியை அப்படியே தருகிறேன்: ‘செவ்வாய். 214–231. 25 நிமிடம். அண்ணன் திரும்பி வரும் அத்தியாயம். வாசலில் செருப்பைக் கழற்றாமலேயே பேசிவிட்டுப் போகிறான். அந்த வீட்டில் இனி அவனுக்கு இடமில்லை என்பதை யாரும் வாயால் சொல்லவில்லை.’ இதை எழுத ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் அந்த நாவலைப் பற்றி இன்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் கண்முன் வருவது அந்தச் செருப்புதான்.

அந்த ஒரு வரியை நூலை மூடிய பிறகு, பார்க்காமல் எழுத வேண்டும் என்பது முக்கியம். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை ஒரு முறை படித்தபின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவர்கள், அதே பகுதியைத் திரும்பப் படித்த மாணவர்களைவிட ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து நடத்திய சோதனையில் திரும்பப் படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவு; அதாவது, படித்த உடனே ‘எல்லாம் தெரிகிறது’ என்று தோன்றுவதை நம்ப முடியாது. நூலை முடித்த மறுநாள், நூல் கணக்குப் பகுதியில், நூலைத் திறக்காமல் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: இது எதைப் பற்றியது, எந்த இடம் மனத்தில் நின்றது, எதை நான் ஏற்கவில்லை அல்லது எது புரியவில்லை. மதிப்பெண்ணோ நட்சத்திரமோ இடுவது இவற்றுக்குப் பிறகு வரலாம், வராவிட்டாலும் இழப்பில்லை.

மின்னூல்களுக்கும் ஒலிநூல்களுக்கும் கணக்கு எப்படி என்ற ஐயம் பலருக்கு எழும். நேரத்தை இலக்காக வைத்தவர்களுக்கு இந்தச் சிக்கலே பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. மின்னூலில் எழுத்தின் அளவை மாற்றினால் திரைகளின் எண்ணிக்கையும் மாறும். ஆகவே சதவீதத்தையும் நிமிடத்தையும் குறித்தால் போதும். ஒன்பது மணி நேர ஒலிநூலை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டால் ஆறு மணி நேரம்தான் ஆகிறது; நீங்கள் கேட்ட ஆறு மணி நேரத்தையே எழுதுங்கள். வேறு வேலை செய்துகொண்டே கேட்டதில் கவனம் விட்டுப்போன பகுதிகளைத் திரும்பக் கேட்டால், அந்த நேரமும் கணக்கில் சேரும். மறுவாசிப்பும், குழந்தைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுவதும் வாசிப்பு நேரமே.

ஏழாம் படி: அவ்வப்போது பார்த்துத் திருத்துங்கள்

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம்: நிமிடங்களைக் கூட்டி எழுதுங்கள், அவ்வளவுதான். மாத இறுதியில் அரை மணி நேரம்: ஒரு வரிக் குறிப்புகளை முதலிலிருந்து வாசித்துப் பாருங்கள். மார்ச், ஜூன், செப்டம்பர் மாத முடிவுகளில்தான் திட்டத்தையே மாற்றலாமா என்று யோசிக்க வேண்டும். அதற்கு நான் வைத்திருக்கும் விதி எளியது. தொடர்ந்து இரண்டு மாதம் திட்டமிட்ட நேரத்தில் எழுபது சதவீதத்துக்குக் கீழே போனால், திட்டம் தவறு என்று எடுத்துக்கொண்டு அதைக் குறைத்துவிடுவேன். 25 நிமிடம் 15 நிமிடம் ஆகும். அது 15ஆகவே நிலைபெற்ற பிறகு வேண்டுமானால் கூட்டுவேன்.

விட்டுப்போனதை ஈடுகட்ட முயலாதீர்கள். இந்த முறையில் நான் மிக வலியுறுத்த விரும்புவது இதுதான். ஒரு வாரம் படிக்காமல் போனால் அந்த 185 நிமிடம் போனதுதான். அதற்காகவே எட்டு வாரங்களைத் தொடக்கத்தில் கழித்து வைத்தோம். அந்த நிலுவையை அடுத்த வாரத்தின் மேல் ஏற்றினால் அடுத்த வாரத்தின் இலக்கு ஆறு மணி நேரத்தைத் தாண்டும், அதுவும் தவறும், மூன்றாம் வாரத்தில் நோட்டைத் திறக்கவே மனம் வராது. வாசிப்பு இலக்குகள் பெரும்பாலும் கைவிடப்படுவது படிக்காத வாரத்தில் இல்லை, அதற்கடுத்து வரும் இந்தக் கடன் சுமையில்தான்.

தேக்கம் என்பது இதிலிருந்து வேறுபட்டது. நேரம் இருக்கும், நாற்காலி இருக்கும், கை நூலை நோக்கிப் போகாது. அப்படிப்பட்ட மாதங்களின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே நூல்தான் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். 96, 99, 101 என்று பக்க எண்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். அதை முடிக்காமல் வேறொன்றைத் தொடக்கூடாது என்ற குற்ற உணர்வில் எதையுமே படிக்காமல் நாட்கள் போயிருக்கும். அந்த நூலை நிறுத்தற்குறிப்போடு ஒதுக்கி வையுங்கள். பதினைந்து பக்கத்தில் முடிந்துவிடும் சிறுகதை ஒன்றையோ, முன்பே படித்து மகிழ்ந்த நூலின் ஓர் அத்தியாயத்தையோ எடுங்கள். நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறையுங்கள். ஒரு வாரத்தில் பெரும்பாலும் ஓட்டம் திரும்பிவிடும். உடல்நலமோ துயரமோ காரணமாக இருந்தால் மட்டும் அவசரப்படுத்த வேண்டாம். அந்த நாட்களுக்கு நேராகக் காரணத்தை எழுதி, இலக்கை நிறுத்தி வைப்பதே முறை.

ஆண்டின் நடுவில் இதைத் தொடங்குபவர்கள், மீதமுள்ள வாரங்களில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு அதே கணக்கைப் போடலாம். ஜனவரிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

எட்டாம் படி: ஆண்டிறுதிக் கணக்கு

டிசம்பர் கடைசி வாரத்தில் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். மொத்த நேரம், பக்கங்கள், முடித்தவை, நிறுத்தியவை ஆகியவற்றை எழுதிய பின், திசை இலக்கு நிறைவேறியதா என்று பாருங்கள். நான்கு நூல்கள் என்று எழுதியிருந்தும் இரண்டோடு நின்றிருந்தால், அந்த இரண்டும் உங்களுக்குப் புதிதாக என்ன கேள்விகளைத் தந்தன என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டின் திசை பெரும்பாலும் அங்கிருந்தே கிடைக்கும். அடுத்து, ஒரு வரிக் குறிப்புகளில் எவை இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று பார்த்து, அந்த நூல்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மறுவாசிப்புக்கான பட்டியல் அதுவே.

பாதியில் இருக்கும் நூலை 31ஆம் தேதிக்குள் முடிக்கத் துரத்த வேண்டாம். அது நிற்கும் பக்க எண்ணைப் புதிய நோட்டின் முதல் வரியில் எழுதி, அதன் கீழே ஜனவரி 1 என்று தேதியிடுங்கள். படித்த நிமிடங்களை எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டுவையுங்கள். அதை அன்றிரவு நிரப்பிக்கொள்ளலாம்.